எழுத்தறிவித்தவர்

நுழையும்முன்

ஒருவர் கற்ற கல்வி அவரளவில் நின்றுவிடுவதும் உண்டு. சுற்றியிருப்போர் வாழ்வையெல்லாம் மாற்றிவிடுவதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மராட்டிய மண்ணில், எழுத்தறியாச் சிறுமியாக மணமாகி வந்த ஒருவர், ஆசிரியராகவும் கவிஞராகவும் சமூகப் போராளியாகவும் வாழ்ந்து மறைந்தார். அம்மூன்றும் அவருக்கு ஒரே பணியின் மூன்று வடிவங்களாகவே இருந்தன. அவருடைய வாழ்வை, அவர் விட்டுச்சென்ற எழுத்துகளின் துணைகொண்டு அறிவோம்.

இரண்டு புடவைகள்

பள்ளிக்குச் செல்லும் அந்த ஆசிரியரின் கைப்பையில் மாற்றுப்புடவை ஒன்று எப்போதும் இருந்தது. புனே நகரத் தெருக்களில் அவர் நடந்து செல்கையில், பெண்களுக்குக் கல்வி கற்பிப்பது பாவம் எனக் கருதியோர் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர், கற்களையும் எறிந்தனர். அழுக்கடைந்த புடவையுடன் பள்ளியை அடைந்து, மாற்றுப்புடவை உடுத்திப் பாடம் நடத்துவார். மாலையில் பழைய புடவையை அணிந்து அதே தெருவழியே வீடு திரும்புவார் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். அவர்தாம் சாவித்திரிபாய் பூலே.

சாவித்திரிபாய், 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள், இன்றைய மகாராட்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்திலுள்ள நைகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது வயதில், பதின்மூன்று வயதினரான ஜோதிராவ் பூலேவுக்கு மணம் முடிக்கப்பட்டார். பெண்கள் ஏட்டைத் தொடுவதே குற்றமெனக் கருதப்பட்ட அக்காலத்தில், ஜோதிராவ் தாம் கற்றதைத் தம் மனைவிக்கும் கற்பித்தார். பின்னர் அகமதுநகரில் சிந்தியா பாரர் என்னும் அமெரிக்க அம்மையாரிடமும், புனேயிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார் சாவித்திரிபாய்.

பள்ளியும் வீடும்

1848ஆம் ஆண்டு, புனே நகரின் பிடே வாடா என்னும் மனையில் பூலே இணையர் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். கிறித்தவ மறைப்பணியாளர்கள் நடத்திய பெண்கள் பள்ளிகள் அதற்கு முன்பே இருந்தன. எனினும், இந்தியர்களே முன்வந்து பெண்களுக்காகத் தொடங்கிய தொடக்ககாலப் பள்ளிகளுள் இது குறிப்பிடத்தக்கது. அப்போது சாவித்திரிபாயின் வயது பதினேழு. இன்றைய மேல்நிலை வகுப்பு மாணவியின் வயதில் அவர் ஆசிரியராகிவிட்டார்.

தெருவில் எழுந்த எதிர்ப்பு விரைவிலேயே வீட்டிற்குள்ளும் நுழைந்தது. ஊராரின் நெருக்குதலுக்கு ஆளான ஜோதிராவின் தந்தை, கற்பித்தலைக் கைவிடுமாறும் இல்லையேல் வீட்டைவிட்டு வெளியேறுமாறும் கூறினார். இருவரும் வெளியேறினர். உசுமான் சேக் என்னும் நண்பர் தம் இல்லத்தில் அவர்களுக்கு இடமளித்தார். பாத்திமா சேக் என்னும் பெண்மணி சாவித்திரிபாயின் பணிகளில் தோள்கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் புனேயில் பெண்கள் பள்ளிகள் மூன்றாயின. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டிருந்த மகர், மாங் சமூகத்துக் குழந்தைகளுக்கும் பள்ளிகள் திறக்கப்பட்டன.

அப்பள்ளிகளில் பயின்றவர்களுள் ஒருவர் முக்தா சால்வே. மாங் சமூகத்தைச் சேர்ந்த அச்சிறுமி, தம் மக்களும் மகர் மக்களும் படும் துயரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1855ஆம் ஆண்டு 'ஞானோதயா' இதழில் அது வெளிவந்தது. எழுத்தே மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் துயரை, அச்சமூகத்தில் பிறந்த மாணவியே எழுதினார். ஓர் ஆசிரியரின் வெற்றிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தாம் பேசுவதோடு நில்லாமல், பேச இயலாதோரைப் பேசவைப்பதே சாவித்திரிபாய் கருதிய கல்வியாகும்.

கவிதை என்னும் பாடம்

1854ஆம் ஆண்டு, சாவித்திரிபாயின் 'காவ்ய பூலே' என்னும் மராட்டியக் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. மலர்களையும் இயற்கை அழகையும் பாடும் கவிதைகளும், கல்வியின் இன்றியமையாமையை வலியுறுத்தும் கவிதைகளும் அதில் அருகருகே இடம்பெற்றுள்ளன. ஒடுக்கப்பட்ட மக்களை நோக்கி, சோம்பலை விட்டுக் கற்க எழுமாறு அழைக்கும் அவருடைய குரல் வகுப்பறைக் குரலேயாகும். ஆங்கிலம் கற்றலையும் அவர் வலியுறுத்தினார். மரபுவழிக் கல்வியின் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தோருக்கு, அம்மொழி புதியதொரு வாயிலாக அமையும் என்பது அவர் நம்பிக்கை.

படிக்கத் தெரியாதோரும் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ள ஏற்றது பாட்டு. பள்ளியின் நான்கு சுவர்களுக்குள் அடங்காத மாணவர்களுக்கு அவர் நடத்திய பாடமாகவே இக்கவிதைகளைக் கொள்ளலாம். ஜோதிராவின் மறைவுக்குப் பின், அவர்தம் வாழ்வையும் பணியையும் 'பாவன்கசி சுபோத ரத்னாகர்' என்னும் செய்யுள் நூலாகப் படைத்தார்.

தெரிந்து தெளிவோம்

ஜோதிராவ் பூலே 1873ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் 'சத்திய சோதக் சமாஜ்' என்னும் அமைப்பை நிறுவினார். 'உண்மை தேடுவோர் சங்கம்' என்பது இதன் பொருள். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை இவ்வமைப்பு எதிர்த்தது. இடைத்தரகர் இன்றி எளிய முறையில் நிகழும் திருமணங்களை ஊக்குவித்தது. 1893இல் சாசுவட் என்னும் ஊரில் நடைபெற்ற இச்சங்கத்தின் மாநாட்டிற்குச் சாவித்திரிபாய் தலைமை தாங்கினார்.

மூன்று கடிதங்கள்

சாவித்திரிபாய் தம் கணவருக்கு எழுதிய கடிதங்களுள் மூன்று நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றில் குடும்பச் செய்திகளைவிடப் பொதுவாழ்வின் செய்திகளே மிகுதி.

முதற்கடிதம், 1856இல் நோயுற்றுத் தாய்வீட்டில் தங்கியிருந்தபோது எழுதப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்காக உழைப்பது குலத்திற்கு இழுக்கு என்று கடிந்துகொண்ட தமையனிடம், ஆட்டையும் பசுவையும் அன்புடன் தடவிக்கொடுப்பவர்கள் மனிதரைத் தீண்ட மறுப்பது எவ்வகை நியாயம் எனத் தாம் வாதிட்டதை அதில் விவரிக்கிறார். தாம் ஊரில் இல்லாததால் பாத்திமாவுக்கு வேலைப்பளு கூடியிருக்கும் என்றும் அதில் கவலைப்படுகிறார். பாத்திமா சேக்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது, தோழியை நினைந்து சாவித்திரிபாய் எழுதிய இச்சில சொற்களே.

இரண்டாம் கடிதம் 1868ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெவ்வேறு சாதியைச் சேர்ந்த இருவர் ஒருவரையொருவர் விரும்பினர். அவர்களைக் கொன்றுவிடும் நோக்குடன் ஊரார் தெருவில் இழுத்துச் சென்றனர். செய்தியறிந்து ஓடிச்சென்ற சாவித்திரிபாய், கொலை செய்தால் அரசின் சட்டம் தண்டிக்கும் என எச்சரித்து, இருவரையும் மீட்டுக் கணவரிடம் அனுப்பிவைத்தார். மூன்றாம் கடிதம் 1877ஆம் ஆண்டின் கொடும்பஞ்சத்தைக் காட்டுகிறது. மடிந்து விழும் கால்நடைகளையும், ஊரைவிட்டு வெளியேறும் மக்களையும், சங்கத்தினர் ஆற்றிய துயர்துடைப்புப் பணிகளையும் சுன்னர் வட்டாரத்திலிருந்து அவர் எழுதுகிறார்.

இக்கடிதங்களைப் படிப்போர், ஜோதிராவின் நிழலாக வாழ்ந்த ஒருவரை அவற்றில் காண்பதில்லை. களத்தில் தாமே நின்று முடிவெடுத்த ஒருவரையே காண்கின்றனர்.

இல்லமே இயக்கமாக

சிறுவயதில் மணம்செய்து வைக்கப்பட்டுக் கணவனை இழந்த பெண்களுக்கு மறுமணம் மறுக்கப்பட்டிருந்த காலம் அது. அத்தகைய பெண் ஏமாற்றப்பட்டுக் கருவுற்றால், பழிக்கு அஞ்சிக் குழந்தையையோ தன்னையோ மாய்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியற்றவளாக இருந்தாள். 1863இல் பூலே இணையர் தம் இல்லத்திலேயே இப்பெண்களுக்கான காப்பகத்தைத் தொடங்கினர். அங்கு வந்து மகப்பேறு கண்ட ஒருவரின் குழந்தையைத் தத்தெடுத்து, யசுவந்த் எனப் பெயரிட்டு, மருத்துவராக வளர்த்தனர். 1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டாமைக்கு ஆளானோருக்கும் திறந்துவிட்டனர்.

1890ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் காலமானார். தத்துப் பிள்ளைக்கு இறுதிச் சடங்கு செய்யும் உரிமையில்லை என உறவினர் தடுத்தபோது, சாவித்திரிபாயே கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னே நடந்தார். சிதைக்கும் தீ மூட்டினார். பெண்கள் இடுகாட்டுக்குச் செல்வதே வழக்கமில்லாத காலத்தில் நிகழ்ந்தது இது.

இறுதிப் பாடம்

1897ஆம் ஆண்டு புனேயைக் கொள்ளைநோயாகிய பிளேக் தாக்கியது. நகருக்கு வெளியே யசுவந்த் மருத்துவமனை அமைத்தார். அறுபத்தாறு வயதான சாவித்திரிபாய் நோயுற்றோரைத் தேடிச்சென்று அங்குச் சேர்த்தார். முந்த்வா என்னும் ஊரின் மகர் குடியிருப்பில் நோயால் துவண்டு கிடந்த சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

தொட்டால் தீட்டு என்று சமூகம் ஒதுக்கிவைத்த ஒரு குழந்தையை முதுகில் சுமந்ததே அவ்வாசிரியர் நடத்திய இறுதிப் பாடம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் தொடங்கிய பாடமும் அதுவேயாகும்.

1988இல் அவருடைய எழுத்துகள் ஒருசேரத் தொகுக்கப்பெற்று நூலாக வெளிவந்தன. 1998இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. சேறு பூசப்பட்ட அதே நகரிலுள்ள பல்கலைக்கழகம், 2014ஆம் ஆண்டு முதல் சாவித்திரிபாய் பூலே புனே பல்கலைக்கழகம் என வழங்குகிறது. இச்சிறப்புகள் அனைத்தும் அவர் மறைந்து நெடுங்காலம் கழித்தே வந்தன. வாழ்ந்த காலத்தில் அவர் பெற்ற பெருஞ்சிறப்பு, அவர் பள்ளியில் எழுதக் கற்ற ஒரு சிறுமி தன் மக்களுக்காக எழுதிய கட்டுரையே எனலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி சென்ற பெண் யார் எனக் கேட்டறிந்து, அவர் எதிர்கொண்ட தடைகளை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. நீங்கள் வாழும் பகுதியில் நேரில் கண்ட ஒரு சிக்கலைக் குறித்து, நண்பருக்குக் கடிதம் எழுதுக.

3. 'கற்பித்தலும் ஒரு போராட்டமே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.