முறிந்த எலும்பு கூடும் முறை

திருவனந்தபுரம்–நாகர்கோவில் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ளது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை இப்பகுதியைப் பிரித்தது. ஆயினும் வர்ம ஆசான்மாரின் எண்ணெய்க்கும் சிம்புக்கட்டுக்கும் இருபுறமும் மதிப்பு உண்டு. வெளிமாநிலத்தில் எலும்பு முறிந்தால், ஊருக்குச் சென்றே கட்டவேண்டும் என எண்ணுவோர் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் சரியா?

எலும்பு எண்ணெயால் ஒட்டுவதன்று, தானே கூடுவது. முறிந்த இடத்தில் முதலில் குருதி உறைகிறது. சில வாரங்களில் குருத்தெலும்பு போன்ற இணைப்பு தோன்றி, சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகுகிறது. மணிக்கட்டுக்கு ஏறத்தாழ 6 வாரமும், தொடையெலும்புக்கு 3 மாதமோ அதற்கு மேலோ ஆகும். முனைகளை நேராக நிறுத்தி அசையாமற் காப்பதே கட்டின் பணி. ஆதலின் நெடும்பயணம் வேண்டா. அருகிலுள்ள மருத்துவமனையில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதே முதற்கடமை.

கட்டு மிக இறுகினால் குருதியோட்டம் தடைப்படும். விரல்கள் வெளுத்தாலும், நீலம் பாரித்தாலும், மரத்தாலும், நோவு மேன்மேலும் மிகுந்தாலும், கட்டியவர் யாராயினும் உடனே மருத்துவரிடம் விரைதல் வேண்டும். சில மணிநேரத் தாமதமும் உறுப்பையே இழக்கச் செய்யலாம்.

புகைபிடித்தலை விடுக, பால், பயறு, மீன், கேழ்வரகு உண்க. கட்டுக்கு வெளியேயுள்ள விரல்களை நாள்தோறும் அசைத்துவருக. கட்டு அவிழ்ந்த பின்னரும் பயிற்சி தொடர்ந்தாலே பழைய வலிமை மீளும்.