எழுத்துருக் கோப்பை நம்பாத நிரல்

மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங்கில் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர் குரோம் உலாவியில் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறக்கும்போது, தளம் தனக்கென ஓர் எழுத்துருவை அனுப்பியிருந்தால், அந்தக் கோப்பை உலாவி படித்து முடித்த பின்னரே எழுத்துகள் அதன் வடிவில் திரையில் தோன்றும். எழுத்துருக் கோப்பு பல அட்டவணைகளால் ஆனது. எந்த எழுத்துக்கு எந்த வடிவம், அவ்வடிவின் வளைவுகள் எவை, அகலம் எவ்வளவு என்பன தனித்தனியே எண்களாகப் பதிந்திருக்க, ஒவ்வோர் அட்டவணையும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளமுடையது என்பதைக் கோப்பின் தொடக்கத்திலுள்ள பட்டியல் கூறும். இவ்வெண்களைப் பொருளறிந்து பிரித்தெடுக்கும் நிரலே பார்சர், அதாவது பாகுபடுத்தி. ஒற்றைக் குறியீடாகச் சேமிக்கப்படும் ‘ொ’ என்னும் குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நின்று ‘கொ’ ஆவதால், தமிழ் எழுத்துருவில் இந்த வேலை மேலும் நுட்பமானது.

ஆண்ட்ராய்டு குரோமில் எழுத்துரு படிக்கும் பொறுப்பை நெடுங்காலம் ஏற்றிருந்தது, 1996இல் தொடங்கப்பட்டு சி மொழியில் எழுதப்பட்ட ஃப்ரீடைப். சி மொழி விரைவானது. ஆனால் ஒதுக்கிய நினைவகத்துக்கு அப்பால் நிரல் எழுதினாலும் அது தானாகத் தடுப்பதில்லை. எழுத்துருவோ முன்பின் அறியாத தளத்திலிருந்து வரும் கோப்பு. அது தன்னைப் பற்றிக் கூறும் அளவுகள் உண்மையாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

2020 அக்டோபரில் வெளிப்பட்ட பிழை இதற்குத் தெளிவான சான்று. எழுத்துருவுக்குள் பொதிந்த படத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஃப்ரீடைப் 16 பிட் இடத்தில் குறித்துக்கொண்டது. அவ்விடத்தில் 65,535க்கு மேற்பட்ட எண் அடங்காது என்பதால் 65,546 என்பது 10 ஆகச் சுருங்கிவிடும். சுருங்கிய எண்ணுக்கே நினைவகம் ஒதுக்கப்பட்டது. படமோ முழு அளவில் அதில் நிரப்பப்பட்டது. ரப்பர் தோட்டத்துக் கிராணி பதிவேட்டில் இடம் போதாமல் 112 ராத்தலை 12 என்று எழுதிவிட்டு, 12 ராத்தல் கொள்ளும் வாளியில் பால் முழுவதையும் ஊற்றச் சொல்வதை ஒத்தது இது. வழிந்த பால் வீணாவதோடு சரி. நினைவகத்தில் வழிந்த தரவு பக்கத்திலுள்ள தகவலை அழித்து, கருவியைக் கைப்பற்ற நினைப்பவருக்கு வழிவிடும். திருத்தம் வருமுன்பே இப்பிழையைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருந்தனர்.

2015இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழியின் பயன் இங்கேதான் விளங்குகிறது. எண்ணைத் தவறாகச் சுருக்கும் கணக்குப் பிழை ரஸ்டிலும் நேரக்கூடும். எனினும், பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தாமல் எழுதிய ரஸ்ட் நிரல் எல்லையைத் தாண்டி எழுத முற்படும்போது தடுத்து நிறுத்தப்படும் என்பதால், பிழையின் விளைவு ஓர் எழுத்து தோன்றாமல் போவதோடு அல்லது நிரல் நின்றுவிடுவதோடு முடியும். மேலும், படிக்க முயன்ற தரவு கிடைக்காமல் போகலாம் என்னும் நிலையை ரஸ்டில் விடையின் வகையிலேயே குறித்துவிடலாம். அவ்வாறு குறித்தபின், கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்லாமல் எழுதுபவர் அந்த விடையைப் பயன்படுத்த முடியாது.

இந்த அடிப்படையில் கூகுள் உருவாக்கிய புதிய படிப்பான் ஸ்கிரிஃபா. அதன் அடித்தளமான நூலகத்தில் அட்டவணைகளின் அமைப்பு விளக்கமாக எழுதப்பட, அவ்விளக்கத்திலிருந்தே படிக்கும் நிரலின் பெரும்பகுதி தானாக உருவாக்கப்படுகிறது. ஒரே சோதனையைப் பல இடங்களில் கையால் எழுதி, ஓரிடத்தில் மறந்துவிடும் ஆபத்து இதனால் குறைகிறது. கோப்பு முழுவதையும் படியெடுக்காமல், வேண்டிய பகுதியை இருந்த இடத்திலேயே படிப்பதால் நினைவகமும் மிச்சமாகிறது.

வெளிப்பயனை மாற்றாமல் உள்ளமைப்பைத் திருத்துவதே மறுசீரமைப்பு. புதிதாக எழுதிய ஸ்கிரிஃபாவும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே எழுத்துருவிலிருந்து வரைந்த வடிவங்கள் புள்ளி புள்ளியாக ஒப்பிடப்பட்டன. தாறுமாறாகச் சிதைத்த கோப்புகளைக் கொடுத்தும் சோதித்தனர். 2024இல் வந்த குரோம் 128இல், அரிதாகப் பயன்படும் வண்ண எழுத்துரு போன்ற வடிவங்கள் முதலில் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. 2025இல் வந்த குரோம் 133இல் ஆண்ட்ராய்டு, லினக்ஸ், குரோம்ஓஎஸ் ஆகியவற்றில் இணைய எழுத்துருக்கள் அனைத்தும் அதன் பொறுப்பாயின.

இம்மாற்றத்தை ஹுத்தான் மெலிந்தாங் வாசகர் கவனித்திருக்க வாய்ப்பில்லை. நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் ‘கொ’வின் கொம்பும் காலும் நிற்குமானால், பணி செம்மையாக முடிந்தது என்பதற்கு அவர் காணக்கூடிய அடையாளம் அது ஒன்றே.