வயிற்றைக் கட்டுவதற்கு முன் உரிமையைக் கேளுங்கள்

வரவு வாய்க்கும் கைக்குமே சரியாக இருக்கிற வீடுகளில் பணம் போதவில்லை என்றால் முதலில் என்ன குறைகிறது? பிள்ளைகளுக்கு வேகவைக்கும் முட்டை குறைகிறது. பாலில் தண்ணீர் கூடுகிறது. மாமியாரின் பிரஷர் மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகிறது. கடைசியாகச் சாப்பிடும் அம்மாவின் தட்டில் குழம்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. அதே வீட்டிலிருந்து தண்டல்காரரின் வட்டிக்கும், கேஸ் சிலிண்டருக்கு பில்லுக்கு மேலே கேட்கும் தொகைக்கும், வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் கழியும் பிடித்தத்துக்கும் பணம் குறையாமல் போய்க்கொண்டிருக்கிறது.

சிக்கனம் என்றால் அடுப்படியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறோம். அது தவறான இடம். கொடுக்கத் தேவையில்லாத பணத்தை நிறுத்துவதும், நமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குவதும்தான் முதல் சிக்கனம். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று இதை எங்கெங்கே செய்யலாம் என்று பார்ப்போம்.

மின் கட்டணம்: 500 என்ற கோடு

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கு எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். அதற்கு மேல் யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் இரட்டை அடி: தாண்டிய யூனிட்டுகளுக்கு அதிக விலை, கூடவே கீழ்ப்படிகளில் கிடைத்துவந்த சலுகையிலும் ஒரு பகுதி கைநழுவும். 510 யூனிட் ஓடிய வீடு, 490 யூனிட் ஓடிய வீட்டைவிடப் பல நூறு ரூபாய் கூடுதலாகக் கட்ட நேர்வது இதனால்தான்.

உங்கள் வீடு 500-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி மின்விசிறிக்கு 30 வாட் போதும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரு விசிறிக்கு ஏறத்தாழ 32 யூனிட் மிச்சம். இரண்டு விசிறியை மாற்றினால் 65 யூனிட் வரை குறையும். 540-ல் இருக்கும் வீடு கோட்டுக்குக் கீழே வந்துவிடும். விலை கூடுதல்தான்; ஆனால் அதிகம் ஓடும் விசிறியை மட்டும் முதலில் மாற்றினாலும் பலன் தெரியும்.

கணக்கெடுப்பவர் தாமதமாக வந்தால் கூடுதல் நாள்களின் பயன்பாடும் சேர்ந்து உங்களை மேல்படிக்குத் தள்ளிவிடலாம். ஆகவே, வழக்கமாகக் கணக்கெடுக்கும் தேதியில் மீட்டரைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ல் புகார் செய்யுங்கள். அங்கே தீரவில்லை என்றால் மின் பகிர்மான வட்டம் ஒவ்வொன்றிலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்.

ரேஷன், எடை, விலை

அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பது சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் விலை. வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் பருப்பிலும் எண்ணெயிலும் மட்டுமே மாதத்துக்கு நல்ல தொகை மிஞ்சும். ‘ஸ்டாக் இல்லை’ என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்துவிடாதீர்கள். உப்பு, டீத்தூள், சோப்பு வாங்கினால்தான் சர்க்கரை என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வாங்காத பொருளை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலும், எடை குறைந்தாலும் 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணில் சொல்லலாம்.

கேஸ் சிலிண்டரில் இருக்க வேண்டிய எரிவாயு 14.2 கிலோ. காலி உருளையின் எடை சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் வர வேண்டிய எடை தெரிந்துவிடும். கொண்டுவருபவரிடம் எடைபோட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. வீட்டில் கொண்டுவந்து தருவதற்கான கூலி பில் தொகையிலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பாக்கெட் பொருளை அதில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்றால் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன்படி குற்றம். ‘கூலிங் சார்ஜ்’ என்று குளிர்பானத்துக்குக் கூடுதலாக வாங்குவதும் இதில்தான் வரும். இப்போது பாக்கெட்டில் ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்றும் அச்சிட வேண்டும். அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். அரைக் கிலோ சோப்புத்தூள் 62 ரூபாய், ஒரு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று எடுத்தால் கிலோவுக்கு 6 ரூபாய் நஷ்டம். விலையை ஏற்றாமல் எடையை மட்டும் குறைத்துவிடும் பழக்கமும் நிறுவனங்களிடம் இருக்கிறது. நிகர எடையைப் பார்க்காமல் எதையும் கூடையில் போடாதீர்கள்.

காய்கறிக்கு, பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கே போவது நல்லது. 1999-ல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பேரம் பேசத் தெரியாதவர்களும் ஏமாற மாட்டார்கள்.

வாடகை வீடு

வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம் இருக்கிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். கொடுத்த வாடகைக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டு உரிமையாளருக்கு அதிகாரம் கிடையாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்துத் திரும்பப் பெறலாம்.

பல வீடுகளில் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே ஒரு விலை வைத்து வசூலிக்கிறார். குடியிருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டிய இலவச யூனிட்டும் மானியமும் அங்கேயே நின்றுவிடுகின்றன. வாரியத்தின் பில்படிதான் கட்டுவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இணைப்பு எண் கையில் இருந்தால் பில் தொகையை நீங்களே இணையத்தில் பார்க்கலாம்.

வட்டி: மிகப் பெரிய செலவு

கடனில் இருக்கும் குடும்பங்களில் அரிசி, காய்கறி, கரண்ட் என்று எதையும்விட வட்டிதான் அதிகம் தின்கிறது. ஆனால் அது செலவுக் கணக்கிலேயே வருவதில்லை. ஒரு தண்டல் கடனைக் கிட்டத்தில் பார்ப்போம். 10,000 ரூபாய் கடன் என்று பேசி, 1,500 ரூபாயை முன்பே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘100 நாளுக்கு 1,500தானே’ என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருந்த பணம் சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்றாலோ ஆண்டுக்கு 120 சதவீதம்.

தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, நாள் வட்டி எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு தொழிலாளியின் குடும்பமே உயிரை மாய்த்துக்கொண்டது. அவர்கள் முன்பே மனுக்கள் கொடுத்துப் பார்த்தவர்கள். மனு கொடுத்தால் மட்டும் போதாது. மனு ரசீதை வாங்கி வைத்து, நடவடிக்கை வரும் வரை ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் விடாமல் கேட்க வேண்டும் என்பதைத்தான் அந்தச் சாவுகள் சொல்கின்றன. கடனை மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு அரசு 2025-ல் இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறது.

பெண்கள் குழுவாக வாங்கும் நுண்கடனுக்கும் விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 வழிகாட்டுதல்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் தரும் கடன் இது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. தவறிய தவணைக்கு மட்டும்தான் அபராதம். மொத்தக் கடனுக்கும் அல்ல. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வசூலுக்கு அழைக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு ‘கட்டினால்தான் போவேன்’ என்பது விதிமீறல்.

கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால், சுய உதவிக் குழுவின் வங்கிக் கடனையும் கூட்டுறவு வங்கியின் நகைக் கடனையும் முதலில் விசாரியுங்கள். எந்தக் கடனாக இருந்தாலும் மொத்தச் செலவையும் ஆண்டு வட்டி வீதத்தையும் ஒரே தாளில், உங்களுக்குப் புரியும் மொழியில், வங்கியும் நிதி நிறுவனமும் தர வேண்டும். அந்தத் தாள் தராத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்டால் அப்போதே அழித்துவிடுங்கள். மிரட்டல் வந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

தீபாவளிச் சீட்டு, மாதச் சீட்டு என்று எதில் சேர்ந்தாலும் சீட்டு நிதிச் சட்டம் 1982-ன்படி பதிவு பெற்றதா என்று சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பாதுகாப்பு அல்ல.

வங்கிக் கணக்கில் சிறு பிடித்தங்கள்

ஆறு மாத வங்கி அறிக்கையை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் பிடிக்கிறார்களா? அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. என்றோ ‘ஒரு மாதம் இலவசம்’ என்று சேர்ந்த செயலிக்கு மாதாமாதம் பணம் போகிறதா? தானாகக் கழியும் இத்தகைய தொகைக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் நீங்களே நிறுத்தலாம். கேட்காத காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருந்தால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரங்களுக்கு 14448.

மருந்தும் சிகிச்சையும்

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை இலவசம். வெளியே வாங்குவதானால், மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அதே மருந்து மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைப் பாதுகாப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அட்டைக்கு அலையாதீர்கள். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துப் போய் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு அறுவை சிகிச்சைதான் பல குடும்பங்களை மேலே சொன்ன வட்டிக்காரரிடம் கொண்டுபோய் விடுகிறது.

இவற்றில் கைவைக்காதீர்கள்

மிச்சம் பிடிக்கிறோம் என்று செய்யும் சில காரியங்கள் பின்னால் பன்மடங்கு வாங்கிக்கொள்ளும். மாத்திரையைப் பாதியாக்கினால் வருவது பக்கவாதமாகவோ சிறுநீரகப் பாதிப்பாகவோ இருக்கலாம். விரிசல் விட்ட கேஸ் டியூபை ஒட்டுப்போட்டு ஓட்டுவதும், வெளியே மலிவாகச் சின்ன சிலிண்டரில் கேஸ் நிரப்புவதும் உயிருக்கு உலை. எண்ணெய் நிறுவனங்களே முறையாக 5 கிலோ சிலிண்டர் விற்கின்றன. முத்திரையில்லாத சில்லறை எண்ணெயில் கலப்படம் இருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. வளரும் பிள்ளைகளின் முட்டை, பால், பருப்பு, கீரை ஆகியவற்றை எந்தக் கணக்கிலும் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

எங்கே முறையிடுவது?

எடை, விலை ஏமாற்றுக்குத் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பொருளிலோ சேவையிலோ குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். பில், ரசீது, குறுஞ்செய்தி, மீட்டர் படம், கடன் தவணை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘பத்து ரூபாய்க்கு எதற்குச் சண்டை’ என்று நாம் விட்டுவிடுவதை நம்பித்தான் பலர் பிழைக்கிறார்கள். அந்தப் பத்து ரூபாய் உங்கள் உழைப்பு. இந்த மாதம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, போன மாதம் கொடுக்கத் தேவையில்லாமல் கொடுத்த பணத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் மிகப் பெரிய தொகை எதுவோ, அதற்கான புகாரை நாளைக்கே கொடுங்கள்.