துறைமுகச் சேற்றின் கதிரியக்கம்

ஸ்பெயின் தேசத்து வெல்வா துறைமுகத்தருகே, பாஸ்பேட் பாறையினின்று உர அமிலம் வடித்த ஆலைகள், அப்பாறையின் ரேடியத்தில் பெரும்பகுதியைச் சுமந்த ஜிப்சக் கழிவில் ஒரு பங்கை 1990களின் இறுதிக்காலம்வரை ஒடியேல் கழிமுகத்திலேயே விட்டுவந்தமையால், அங்குள்ள சேற்றின் கதிரியக்கத்தை அளப்பது அவசியமாயிற்று.

உலர்த்திச் சலித்த சேற்றைக் காற்றுப் புகாத டப்பியில் அடைத்து, ஏறத்தாழ நான்கு வாரம் சும்மா வைத்திருப்பார்கள். அவசரக்காரருக்கு இது காலவிரயமாகத் தோன்றலாம்; ஆயினும், ரேடியத்தினின்று பிறக்கும் ரேடான் வாயுவின் அரை ஆயுள் 3.8 தினங்கள் ஆதலாலும், அதன் சந்ததிகளின் காமாக் கதிர்களைக் கொண்டே ரேடியத்தை நுட்பமாக அனுமானிக்க முடியுமாதலாலும், இரண்டும் சமநிலை எய்த அவ்வளவு அவகாசம் வேண்டும். பின்னர், ஈயக் கவசத்துள் குளிர்விக்கப்பட்ட ஜெர்மேனியப் படிகம் ஒவ்வொரு கதிரின் சக்தியையும் கணித்து அதன் மூலத்தை இனங்காட்டும். சாதாரண மண்ணில், கிலோவுக்கு விநாடிதோறும் சுமார் 35 ரேடியம் அணுக்கள் சிதைகின்றன. அந்த இயல்பான அளவை அறியாமல் எந்தத் துறைமுகத்தையும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது.