பத்திரத்தைப் பாருங்கள், கிணற்றையும் கேளுங்கள்
வட சென்னைப் பக்கம் நிலம் வாங்குவோர், விற்போர் கவனத்துக்கு

திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் நகராட்சிகள் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. அதிலிருந்து எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வரை வயல் ஓரங்களில் கலர் கொடிகளும் மனைக் கற்களும் முளைத்து வருகின்றன.

முப்பது ஆண்டு ஆலையில் உழைத்தவர் சேமநிதிப் பணத்தை ஒரு கிரவுண்ட் மனையில் போடுகிறார். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் மகள் கல்யாணத்துக்காக அதை விற்கிறார். இருவருக்கும் இது வாழ்நாளில் ஒரு முறை நடக்கும் காரியம். தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள மறுபடி பணம் இராது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சில விஷயங்களைத் தீர விசாரிக்க வேண்டும்.

யாருடைய நிலம்?

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். நாலு மனை வாங்கிப் பழகியவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் தெரியும். பதிவாகாத உயிலும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும், அண்ணன் தம்பி வழக்கும் அதில் தெரியாது. 30 ஆண்டு வில்லங்கத்தோடு மூலப்பத்திரம், பட்டா, புலப்படம், வாரிசுச் சான்று ஆகியவற்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். நகரப் பகுதியானால் டவுன் சர்வே பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

'பவர்' வாங்கியவரிடம் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் வைத்திருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகக் கூறிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று நேரில் கேட்டறிவது நல்லது.

திருவொற்றியூர் போன்ற பழைய ஊர்களில் கோயில் மனைகளும் உண்டு. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாது. எண்ணூரைச் சுற்றிய உப்பளப் பகுதியில் மத்திய அரசின் உப்புத் துறைக்குரிய நிலங்களும் இருக்கின்றன.

எதற்கு ஏற்ற நிலம்?

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது. அபாயகரமான தொழிற்சாலைகளுக்கென்றே அதில் தனி மண்டலம் உண்டு. அந்த மண்டலத்தில் உள்ள சர்வே எண்ணை வீட்டு மனை என்று யாராவது விற்றால், பிறகு வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் வாங்கியவர்தான் அலைய வேண்டும். 2022-ல் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. கிராமம்தானே என்று அனுமதி கேட்காமல் விடக்கூடாது.

அங்கீகாரம் இல்லாத மனைகளை 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு புதிதாகப் பதிய முடியாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்வதும் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

கடலும் கழிமுகமும்

சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழும்பியது முதல், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்தது. அதனால் கடலோரத்தில் பழைய பத்திரத்தில் உள்ள அளவு இன்று தரையில் இராமல் போகலாம். சர்வேயரை வைத்து அளந்த பிறகே விலை பேச வேண்டும். கடலின் அலை ஏற்ற எல்லையிலிருந்து 500 மீட்டர் வரையிலும், ஓதம் ஏறும் ஆறு, கழிமுகக் கரைகளிலும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பக்கம் எண்ணெயோடு வீடுகளுக்குள் புகுந்தது. மனையை வெயில் காலத்தில் ஒரு முறையும் கார்த்திகை மழையில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைப் பக்கத்து வீட்டுச் சுவரின் கறையே சொல்லிவிடும்.

கிணறு சொல்லும் சேதி

1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. வயல்களிலும் பம்புசெட்டுகள் ஓடின. நிலத்தடி நீர் தாழத் தாழ, கடல் நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே புகுந்தது. இதைக் கட்டுப்படுத்த 1987-ல் சட்டமே வந்தது.

ஆகவே தோட்டம் போட வாங்கினாலும் வீடு கட்ட வாங்கினாலும் தண்ணீர்ப் பரிசோதனை அவசியம். மே, ஜூன் மாதங்களில் மாதிரி எடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு எடுத்தால் உப்பு குறைவாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். மின்கடத்தும் திறன் 3 டெசிசைமனைத் தாண்டிய நீரில் நெல் தேறுவது கஷ்டம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாத இடத்திலும் 2,000-ஐத் தாண்டக்கூடாது.

விற்பவருக்கு

மாநகராட்சி எல்லை நகர்ந்தால் வரியும் நகரும். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. இரண்டு ஆண்டு சாகுபடி செய்த நிலத்தை விற்று, இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அதில் சலுகை பெறலாம். அடங்கல் நகல்களைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்கு உதவும். முழுப் பணமும் வங்கியில் சேருமுன் பவர் எழுதிக் கொடுக்கக் கூடாது.

முன்பணம் எவ்வளவு?

ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது சட்டம். தனியாரிடம் வாங்கும்போதும் இந்த அளவை மீறாமல் இருப்பது புத்திசாலித்தனம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் கணக்கில் சேர்த்துக் கையிருப்பு வைக்க வேண்டும்.

'இன்றே முன்பணம் கொடுக்காவிட்டால் நாளை விலை ஏறிவிடும்' என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் ஒரு மாதத் தவணை கேட்டுப் பார்க்கலாம். வக்கீலும் சர்வேயரும் தண்ணீர்ப் பரிசோதனையும் அந்த ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவு நாள்கூடப் பொறுக்காத நிலத்தை வாங்காமல் விடுவதே லாபம்.