இணைப்பு நின்றால் என் செய்வது?

புனே நகரின் தாபோடியில், பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கும் பகுதியில், மழைக்கால மாலையில் கடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வாடிக்கையாளர் அட்டையை நீட்டுகிறார். இயந்திரமோ 'இணைப்பு இல்லை' என்கிறது. அவ்வேளையில் பதற்றம் வேண்டா. வரிசையாகச் சோதித்தால் பழுது கடையினுள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் அறியலாம்.

முதலில் மின்சாரம்: ரவுட்டரில் விளக்கே எரியாவிடில், வேறு பிளக் பாயின்ட்டில் செருகிப் பாருங்கள், அடுத்து அடாப்டரை ஐயுறலாம். விளக்கு எரிந்தும் இணைப்பு இல்லையெனில், மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள். சிறு துளையினுள் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டா. அமைப்புகள் யாவும் அழிந்துவிடும்.

இரண்டாவது வெளி இணைப்பு: கண்ணாடி இழை இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' என்னும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளிச் சமிக்ஞை வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள் மடிந்திருந்தால் மெதுவாக நிமிர்த்துங்கள். இழையின் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்கலாகாது. விளக்கு அணையாவிடில் இணையச் சேவை நிறுவனத்தையே அழைக்க வேண்டும்.

மூன்றாவது உள் இணைப்பு: கைப்பேசிக்கு வைஃபை கிடைத்தும் கணினி மட்டும் இயங்கவில்லையா? லேன் கேபிளை ரவுட்டரின் வேறு துளையில் செருகுங்கள். பயனில்லையெனில் கேபிளை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றினால்தான் பழுது எதில் என்பது புலப்படும். கணினியின் ஐ.பி. முகவரி 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை என்று உணரலாம்.

இடையில் ஒருவரது கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதிச் செய்தி வராமற்போகலாம். 2019 செப்டம்பர் 20 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடைகளில் அட்டை அல்லது யு.பி.ஐ. வழியே இவ்வாறு தடைப்பட்ட தொகை, பரிவர்த்தனை நாளுக்குப்பின் 5 நாள்களுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு உண்டு. எனவே பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளரிடம் கூறுங்கள்.

இறுதியாக ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். இணைப்பைச் சரிசெய்வதாகக் கூறி எவர் அழைத்தாலும் ஓ.டி.பி., பின் எண் ஆகியவற்றைத் தராதீர்கள். திரையைப் பகிரும் செயலியை நிறுவாதீர்கள். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். பழுதான கேபிளை மாற்றிக்கொள்ளலாம். பறிபோன சேமிப்பை மீட்பது எளிதன்று.