பி.ஆர். அட்டை முடிந்துவிட்டதா?

"அட்டை முடிஞ்சு போச்சு, இனித் திருப்பி அனுப்பிப்போடுவினமோ?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். பயப்பட வேண்டாம். கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை பொதுவாக 5 வருடங்களுக்குச் செல்லும். அது காலாவதியானாலும் உங்கள் வதிவிட உரிமை போய்விடாது. ஆனால் வெளிநாடு போனவர் திரும்பி விமானம் ஏற அட்டை வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்தே தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க நேரும். ஆகவே ரிக்கற் எடுக்குமுன் அட்டையைப் புதுப்பியுங்கள்.

பொதுவாக 5 வருடங்களில் 730 நாட்களாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணங்களையும் படிவத்தில் எழுத வேண்டும். எதையும் மறைக்காதீர்கள்.

அகதியாக ஏற்கப்பட்டு வந்தவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். 2012 டிசம்பரில் வந்த சட்ட மாற்றத்தின்படி, இலங்கைக் கடவுச்சீட்டு எடுப்பதும் ஊருக்குப் போய்வருவதும் அகதிப் பாதுகாப்பையும், அதோடு நிரந்தர வதிவிடத்தையும் இழக்கச் செய்யக்கூடும். பெற்ற தாயின் செத்தவீடு என்றாலும், புறப்படுமுன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைக் கேளுங்கள். கனடியக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. தகுதி வந்தவர்கள் அட்டையோடு நின்றுவிடாமல் குடியுரிமைக்கும் விண்ணப்பியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.